பாட்டு கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

மலை பாடியது, உலகம் திரும்பிப் பார்த்தது. 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில், சோஃபியா அஷ்ரஃப் என்னும் சென்னை இளம்பெண் பாடிய காணொளிப் பாட்டொன்று இணையத்தில் வெளிவந்தது. ‘கோடைக்கானல் வோண்ட்’ என்பது பாட்டின் பெயர். கோடைக்கானல் பணியாது என்பது அதன் பொருள். நிக்கி மினாஜ் என்னும் பாடகியின் ‘அனகோண்டா’ பாட்டிலிருந்து எடுத்த மெட்டு. தாளத்தின்மேல் பேச்சாகவே பாய்ந்தோடும் ராப் நடை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆட்டமும் பாட்டும். ஆனால் பாடுபொருள் காதலன்று, களியாட்டமன்று, பாதரசம்!

சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் அதைக் கண்டனர். மெட்டுக்குரிய பாடகியே அதைப் பகிர்ந்தார். யூனிலீவர் என்னும் பன்னாட்டுப் பெருநிறுவனத்தின் அன்றைய தலைமை நிருவாகி பால் போல்மன், பொதுமக்கள் முன்னிலையில் மறுமொழி கூற நேர்ந்தது. பதினான்கு ஆண்டுகள் மனுக்களாலும் ஊர்வலங்களாலும் அசையாத மாளிகையின் சாளரத்தை ஒரு பாட்டு திறந்தது.

இத்தகைய பாட்டைக் குறை கூறலாமா என்று கேட்பீர்கள், தோழர்களே! கூறலாம், கூறத்தான் வேண்டும். பாராட்டோடு நிறுத்திக்கொள்வது ரசிகனின் வேலை. அது எதைக் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்று ஆராய்வது பகுத்தறிவாளனின் வேலை. பாட்டின் நோக்கம் நன்று என்பதற்காக அதன் பார்வையில் உள்ள பள்ளத்தை மூடி மறைப்போமாயின், அந்தப் பள்ளத்தில் நாளை விழப்போவது நாமே.

முதலில் கதை என்ன என்பதை இளந்தோழர்கள் அறியவேண்டும். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில், காய்ச்சலை அளக்கும் வெப்பமானிகளைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே அது மூடப்பட்டது, எந்திரங்கள் கப்பலேறின, 1983இல் அன்றைய மதுரை மாவட்டத்தின் மலைமுடியில், கோடைக்கானலில், பாம்பாற்றுச் சோலைக்காட்டின் ஓரத்தில் வந்திறங்கின. ‘பாண்ட்ஸ்’ நிறுவனம் ஆலையை நடத்தியது. 1987இல் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு, அதாவது யூனிலீவர் குடைக்கீழ் வந்தது. பாதரசமும் கண்ணாடியும் அமெரிக்காவிலிருந்து வரும். செய்து முடித்த வெப்பமானிகள் அமெரிக்காவுக்கே திரும்பும். பின்னாளில் பிற நாடுகளுக்கும் போகும். பண்டம் அவர்களுக்கு, கூலி நமக்கு. காய்ச்சலை அளக்கும் கருவி அவர்களுக்கு, அக்கருவி கக்கிய நஞ்சு நமக்கு!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1970களில் இதே இந்துஸ்தான் லீவர், தன் ‘லிரில்’ சோப்புக்கு விளம்பரப் படம் எடுத்தது இதே பாம்பாற்று அருவியில்தான். பச்சை உடுத்த பெண்ணொருத்தி அருவியில் துள்ளிக் குளிக்கும் அந்தப் படத்தால், அருவிக்கே ‘லிரில் அருவி’ என்று பெயர் வந்துவிட்டது. தூய்மையை விற்பதற்கு அந்த அருவி வேண்டியிருந்தது. அருவிக்கு நீர் தரும் காட்டின் விளிம்பில் நஞ்சைக் கையாளும் ஆலையை நடத்துவதற்கும் அந்த மலையே வேண்டியிருந்தது. பாம்பாறு மலையோடு நின்றுவிடுவதுமில்லை. கும்பக்கரை வழியே பெரியகுளம் பக்கம் இறங்கி வைகைப் படுகையைச் சேர்கிறது. மேலே கொட்டுவது மேலேயே கிடக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

2001 மார்ச்சுத் திங்களில் குட்டு உடைந்தது. மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் வாங்கும் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தாரும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் ஊரறியச் செய்தனர். ஊர் மக்களும் ஆலைத் தொழிலாளரும் ஊர்வலம் போயினர். அதே திங்களில் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு மூட்டை கட்டப்பட்டு, கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போயிற்று. ஏற்றுமதி செய்த நாட்டுக்கே நஞ்சைத் திருப்பி அனுப்பியது, ஏழைநாட்டு மக்கள் போராட்ட வரலாற்றில் அரிய வெற்றி. ஆனால் மூட்டை கட்ட முடியாத நஞ்சு மண்ணில் தங்கிற்று; மனித உடலில் தங்கியதாகத் தொழிலாளர் கூறும் நஞ்சோ வழக்காயிற்று. ஐதராபாத்து ஆய்வு மையத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கோடைக்கானல் ஏரியின் நீரிலும் அடிவண்டலிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டது.

பாதரசம் எத்தகையது? உலோகமாயிருந்தும் அறையின் வெப்பத்திலேயே நீர்மமாயிருப்பது, சிந்தினால் உருண்டோடி இடுக்கில் ஒளிவது, ஒளிந்தபின் ஆவியாவது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே புகுந்து நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நீர்நிலையை அடைந்தால் நுண்ணுயிர்கள் அதனை மேலும் கொடிய வடிவமாக மாற்றும், மீனுக்குள் சேரும், மீன் வழியே மனிதனைச் சேரும். ஜப்பானில் மினமாட்டா என்னும் கடலோர ஊரில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த கொடுமை இதுவே. அவ்வூரின் பெயரால்தான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013இல் எழுந்தது. 2018இல் இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலோ வேறொரு கதை வழங்குகிறது. பழனிக் கோயிலின் சிலையை ஒன்பது நஞ்சுகளைக் கட்டிப் போகர் என்னும் சித்தர் செய்தாரென்றும், நஞ்சுகள் சேர்ந்து மருந்தாயின என்றும், அதன்மேல் வழிந்த பாலும் தேனும் பிணி தீர்க்குமென்றும் பக்தர்கள் நம்புகின்றனர். அடிவாரத்தில், நஞ்சு மருந்தாகும் என்ற நம்பிக்கை. உச்சியில், நஞ்சு அளவுக்குள் இருந்தால் நஞ்சன்று என்ற நற்சான்று. முன்னதைச் சொல்வது தலபுராணம். பின்னதைச் சொல்வது முத்திரை குத்திய கோப்பு. முன்னதை எள்ளி நகையாடத் தெரிந்த நமக்குப் பின்னதைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்திருக்கிறதா? கூறியவன் எத்துணைப் பெரியவன் என்று பாராமல், கூறியது மெய்யா என்று பார்ப்பதல்லவா பகுத்தறிவு? காவி உடுத்தவனிடம் கேட்கும் கேள்வியைக் கோப்பு வைத்திருப்பவனிடமும் கேட்பவனே முழுப் பகுத்தறிவாளன்.

இனிப் பாட்டுக்கு வருவோம். அதன் சிறப்புகள் மூன்று. முதலாவது, பகைவன் யார் என்று பெயர் சொல்லிச் சுட்டியது. ‘சிலர்’, ‘ஏதோ ஒரு நிறுவனம்’ என்று பூசி மெழுகவில்லை. விளம்பரத்தையே உணவாகக் கொண்டு வாழும் ஏடுகள் எழுத அஞ்சிய பெயரை, மூச்சுக்கு மூச்சு முழங்கியது. இரண்டாவது, அமெரிக்காவில் முழங்கிய மெட்டையே அமெரிக்காவிலிருந்து வந்த ஆலைக்கு எதிராகத் திருப்பியது. எந்திரம் வந்த திசையிலேயே எதிர்ப்பும் சென்றது. மூன்றாவது, கண்ணீர்க் கோலத்தை விட்டுவிட்டு எள்ளலைக் கையில் எடுத்தது. ஏழை அழுதால் இரங்குவதாக நடிக்கும் முதலாளித்துவம், ஏழை நகைத்தால் நடுங்குகிறது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நகைச்சுவையைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

ஆயினும் இந்தப் பாட்டு யாரிடம் பேசியது? ஆங்கிலத்தில் பேசியது; அங்காடியில் பொருள் வாங்குபவரிடம் பேசியது. சோப்பும் பசையும் தேயிலையும் வாங்கும் நடுத்தர வகுப்பாரின் முன்னே நிறுவனத்தின் முகத்திரையைக் கிழித்து, அதன் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கி, அந்த அச்சத்தால் பணியவைப்பது அதன் போர்முறை. தவறான போர்முறை என்று நான் சொல்லமாட்டேன். வணிகனுக்கு வலிக்கும் இடம் பெயர்தான். ஆனால் அந்தப் போர்முறையில் மக்களுக்குக் கிடைக்கும் வேடம் ஒன்றே ஒன்று: வாடிக்கையாளன்! குடிமகன் என்ற வேடம் அங்கே இல்லை. தொழிலாளி என்ற வேடமோ, ‘இவனைப் பாருங்கள், இரங்குங்கள்’ என்று சுட்டிக்காட்டப்படும் வேடமாக நின்றுவிடுகிறது.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எண்ணிப் பாருங்கள். இருபத்தொன்பது வயதிலேயே, 1959இல், மறைந்த அந்தக் கவிஞன் உழவர் இயக்கத்தில் உழைத்தவன். உழைப்பாளியைப் பற்றி மட்டும் பாடவில்லை, உழைப்பாளியாகவே நின்று பாடினான். வயலில் நிற்பவனும் பட்டறையில் நிற்பவனும் அவன் பாட்டைத் தன் வாயால் பாட முடிந்தது. கோடைக்கானல் ஆலையில் வேலை பார்த்து உடல் நலிந்ததாகச் சொல்லும் தொழிலாளி, தன்னைப் பற்றிய இந்தப் பாட்டைத் தன் வாயால் பாட முடியுமா? கேட்க முடியும், கை தட்ட முடியும், பாட முடியாது. தன் வழக்கைத் தன் நாவால் சொல்ல முடியாதவனுக்காக இன்னொருவர் வாதாடுவது உதவிதான். ஆனால் விடுதலை என்பது அவனே வாதாடும் நாள்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறக்கலாகாது. 2016 மார்ச்சு 9ஆம் நாள், முன்னாள் தொழிலாளர் 591 பேரின் சார்பில் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் உடல்நலம் ஆலையால் கெட்டதற்கு ஆதாரமில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். மனிதநேய அடிப்படையில் தொகை தருவதாகவே அது கூறிற்று. தொகை எவ்வளவு என்பதும் வெளியிடப்படவில்லை. ‘ஒரு பாட்டு யூனிலீவரைப் பணியவைத்தது’ என்ற பேச்சு அப்போது பரவிற்று. பாட்டு வந்து எட்டுத் திங்களுக்குள் உடன்பாடு வந்ததென்னவோ உண்மை. ஆனால் தொழிலாளர் சங்கம் அமைத்து, 2006இல் சென்னை உயர் நீதிமன்றப் படியேறி, வாய்தா வாய்தாவாக மலையிறங்கிப் போய்வந்தவர்கள் யார்? நோயோடும் வறுமையோடும் பதினைந்து ஆண்டுகள் கதவருகே நின்றவர்கள் யார்? பாட்டு கதவைத் தட்டியது. கதவைத் தள்ளியபடி நின்ற தோள்கள் தொழிலாளருடையவை. தட்டிய ஓசை கேட்டதால், தள்ளிய தோளை மறப்பது நன்றியன்று.

இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை வேறு. நான் பாடம் நடத்தும் பள்ளியில், மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் பாதரசத்தைப் பற்றிப் பேச நேர்ந்தபோது இந்த ஆலையின் கதையைச் சொன்னேன். பாட்டையும் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “அந்த ஆலையை இங்க கட்டலாம்னு கையெழுத்துப் போட்டது யாரு சார்?” என்று கேட்டாள். உலகம் முழுதும் ஓடிய பாட்டு கேட்காத கேள்வியை, பதினைந்து வயதுப் பெண் கேட்டுவிட்டாள்!

ஆம், கையெழுத்துப் போட்டது யார்? வாட்டர்டவுனிலிருந்து எந்திரங்கள் தாமாகப் பறந்து வரவில்லை. துறைமுகத்தில் இறங்குவதற்கு நடுவணரசின் இசைவு வேண்டும்; மலையில் ஏறுவதற்கு மாநில அரசின் இசைவு வேண்டும். அன்று தில்லியில் இந்திரா காந்தியின் காங்கிரசு ஆட்சி, சென்னையில் எம்.ஜி.ஆர். தலைமையில் அ.தி.மு.க. ஆட்சி. நீர் மாசுபடுவதைத் தடுக்க 1974இலேயே நடுவணரசு சட்டம் செய்திருந்தது. அதனைச் செயற்படுத்த 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. அதாவது, ஆலை வருமுன்பே காவலர் வந்துவிட்டார். ஆலை வந்த மறு ஆண்டில், 1984 டிசம்பரில், போபாலில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகேனும் அயல்நாட்டு முதலாளியின் நச்சு ஆலைகளை அங்குலம் அங்குலமாகச் சோதித்திருக்க வேண்டாமா? 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989இல் தீங்குக் கழிவுகளுக்கான விதிகள் வந்தன. சட்டங்கள் தில்லியில் பிறந்தன. கண்ணாடித் துண்டுகள் மூஞ்சிக்கல்லில் குவிந்தன!

இன்னும் கேளுங்கள். அன்று நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்கள் என்று ஒரு பட்டியல் தந்தது. பாதரச நச்சு அப்பட்டியலில் இருந்தது. தொழிலாளி ஒருவருக்கு அந்நோய் இருப்பதாகக் கண்டால் ஆலையின் மேலாளரும் அறிவிக்கவேண்டும். மருத்துவம் பார்த்தவரும் அறிவிக்கவேண்டும். அந்த அறிவிப்பைப் பெறவும் ஆலைக்குள் நுழைந்து சோதிக்கவும் மாநில அரசின் ஆய்வாளர்கள் இருந்தனர். பதினெட்டு ஆண்டுகள் ஆலை ஓடிற்று. அந்த ஆண்டுகளில் சென்னையில் அ.தி.மு.க. ஆண்டது, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது, தி.மு.க. ஆண்டது, மீண்டும் அ.தி.மு.க.; மீண்டும் தி.மு.க. தில்லியில் காங்கிரசும் சனதா தளமும் ஐக்கிய முன்னணியும் பா.ச.க.வும் மாறி மாறி வந்தன. கொடிகள் மாறின, கோப்பு மாறவில்லை. குப்பைக் கிடங்கில் மக்கள் கண்ட நஞ்சை, அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர் காணவில்லை!

ஆலை மூடியபின் மண்ணைத் தூய்மை செய்யும் பேச்சு வந்தது. எந்த அளவுக்குத் தூய்மை? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வாரியம் வரம்பு கட்டியது. பிரிட்டனில் இதைவிட மிகக் கடுமையான அளவு கேட்கப்பட்டிருக்கும் என்று மக்கள் இயக்கத்தார் வாதிட்டனர். குடியிருப்பு நிலத்துக்கு இந்த அளவு போதும் என்று நிறுவனம் வாதிட்டது. வாதம் எதுவாயினும் வரம்பைக் கட்டிய கை எது? நிறுவனத்தின் கையன்று, நாம் வாக்களித்து அமைத்த அரசின் வாரியத்தினுடைய கை. அந்தக் கை பாட்டில் எங்கே? இல்லை! பகைவன் ஒருவனே, அவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான், அவனைத் திட்டிவிட்டால் தீர்ந்தது. பாட்டு இப்படிப் படம் வரைகிறது. வாயிலைத் திறந்துவிட்ட காவலனை விட்டுவிட்டுத் திருடனை மட்டும் பாடினால், அடுத்த திருடனுக்கும் அதே காவலன் வாயிலைத் திறப்பான்.

நம் அரசியல் கட்சிகள் எதற்குச் சினங்கொள்ளும், எதற்குக் கொள்ளா என்பதற்கும் இதே கோடைக்கானல் சான்று. மாடிக் கட்டுப்பாட்டை மீறி எழுந்த ஓர் உல்லாச விடுதிக்கு விதிகளைத் தளர்த்தி அனுமதி தந்த வழக்கில், 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் தண்டனை அறிவித்த அன்றே தமிழ்நாடு பற்றி எரிந்தது. தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைத்தனர்; மூன்று மாணவியர் கருகி மாண்டனர். தலைவிக்காகப் பொங்கிய சினம் மாணவியரைத் தின்றது! அடுத்த ஆண்டு அதே மலையில் நஞ்சுக் குவியல் வெளிப்பட்டது. தொழிலாளிக்காகத் தமிழ்நாட்டை ஒருநாள் நிறுத்திய பெருங்கட்சி எது? ஒன்றுமில்லை. தலைவரின் சிறைக்குக் கொதிக்கும் குருதி, தொழிலாளியின் சிறுநீரகத்துக்குக் கொதிப்பதில்லை. கட்சிப் பற்று என்ற பெயரில் இளைஞனுக்கு ஊட்டப்படும் இந்த மயக்கம், பக்தி மயக்கத்துக்கு எள்ளளவும் குறைந்ததன்று.

‘அரசைக் கேட்டிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்?’ என்று வினவும் நண்பர்க்கு விடை, அதே 2015இல் திருச்சியில் கிடைத்தது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், மதுக்கடைகளை நடத்தும் அரசையும் முதலமைச்சரையும் நேரே சாடிப் பாடினார், தமிழில் பாடினார், பறையொலியும் ஆட்டமுமாகத் தெருவில் பாடிப் பழகிய குரலால் பாடினார். அக்டோபர் 30ஆம் நாள் அவரைக் கைது செய்தனர். அரச வெறுப்புக் குற்றம்! தேசத்துரோகப் பிரிவு! வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற சட்டம் ஒரு பாடகன்மேல் பாய்ந்தது. இந்த இரண்டு பாட்டுகளையும் அருகருகே வையுங்கள். முதலாளியைக் கேட்ட பாட்டுக்கு ஏடுகளில் பாராட்டு. அரசைக் கேட்ட பாட்டுக்குச் சிறை. எந்தக் கேள்வி எவரை உறுத்துகிறது என்பது விளங்கவில்லையா?

இது புதிதுமன்று. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யில், குற்றவாளிக் கூண்டில் நின்றவன் சமுதாயத்தையே குற்றவாளியாக்கினான். எம்.ஆர்.இராதாவின் நாடகங்களைத் தாங்கமாட்டாமல் 1954இல் சென்னை அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவந்தது. ஒரு நாடகக்காரனுக்காக ஒரு சட்டம்! கலை, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே விரல் நீட்டிய காலம் அது. அந்த மரபில் வந்தோம் என்று மார்தட்டும் நாம், ஆள்பவர் எவராயினும் விரலை மடக்கலாகாது. ‘நம்மவர் ஆட்சி’ என்று நாம் சொல்லும் ஆட்சிக்கும் அந்த விரல் உண்டு.

சிலர் மறுப்பார்கள்: “ஒரு சிறு பாட்டுக்குள் வாரியத்தையும் சட்டத்தையும் கட்சிகளையும் எப்படித் திணிப்பது? பாட்டென்ன பாடப்புத்தகமா?” நல்ல மறுப்பு. பாட்டுக்குள் சட்டப் பிரிவுகளை அடுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வினா போதும், ‘கையெழுத்து யாருடையது?’ என்ற நான்கு நொடி வினா. அது இருந்திருந்தால் பாட்டின் பொருளே மாறியிருக்கும். கேட்டவன் சோப்பை மாற்றியதோடு நில்லாமல் தன் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலுக்கும் போயிருப்பான். இன்னொன்றும் சொல்வார்கள்: பகைவர் ஒருவராக இருந்தால்தான் போர் வெல்லும் என்று. உடனடி வெற்றிக்கு அது சரி. ஆனால் அரசைப் பகைத்துக்கொள்ளாத போர், அடுத்த ஆலையைத் தடுக்காத போர்.

தூத்துக்குடியைப் பாருங்கள். ஸ்டெர்லைட் ஆலைக்கு 1994இல் அ.தி.மு.க. ஆட்சியில் அடிக்கல், தி.மு.க. ஆட்சியில் இயக்கம். 2018 மே 22ஆம் நாள், ஆலையை மூடக் கேட்டு ஊர்வலம் போன மக்கள்மேல் காவல்துறை சுட்டது, பதின்மூவர் மாண்டனர். சுட்டது நிறுவனத்தின் துப்பாக்கியன்று, அரசின் துப்பாக்கி. முதலாளிக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கும் நடுவர் என்று நாம் நம்பும் அரசு, அன்று எந்தப் பக்கம் நின்றது என்பதை உலகம் கண்டது. அதற்கு அடுத்த திங்களில்தான் கோடைக்கானலைப் பற்றிய இரண்டாம் பாட்டு, ‘கோடைக்கானல் ஸ்டில் வோண்ட்’, வெளிவந்தது. இம்முறை கருநாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் உடன் பாடினர். மண்ணைத் தூய்மை செய்வதில் ஐரோப்பாவுக்கு ஓர் அளவு, நமக்கு ஓர் அளவா என்று அது கேட்டது. இசையால் வளர்ந்த பாட்டு. கேள்வியாலும் ஒரு படி முன்னேறிய பாட்டு. அளவைப் பற்றிக் கேட்கத் தொடங்கியவர், அளவு வகுத்த வாரியத்தின் வாசலுக்கு வந்தே தீரவேண்டும். வாசல் வரை வந்த அந்தப் பாட்டும், உள்ளே அமர்ந்திருப்பவரைவிட நிறுவனத்தையே உரக்க அழைத்தது என்பது என் மனக்குறை.

அரசைக் கேட்டால் பயன் உண்டா என்று சோர்வோர்க்கு 2023ஐ நினைவூட்டுவேன். அவ்வாண்டு ஏப்ரலில், வேலைநாளைப் பன்னிரண்டு மணி நேரமாக நீட்ட வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. கொண்டுவந்தது தி.மு.க. அரசு. தொழிற்சங்கங்கள் எழுந்தன, இடதுசாரிகளும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தனர், மே நாளன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். பத்தே நாள்! அங்கே எவரும் அங்காடிப் பொருளைப் புறக்கணிக்கவில்லை. உழைப்பவர் தம் பெயரால், தம் மொழியில், தாம் அமைத்த அரசைக் கேட்டனர், அரசு இறங்கிவந்தது. எட்டு மணி நேர வேலைநாள் எவரும் இட்ட பிச்சையன்று என்பதை அந்தப் பத்து நாட்கள் மீண்டும் மெய்ப்பித்தன.

ஆகவே தோழர்களே, சோஃபியா அஷ்ரஃபின் பாட்டைப் பாராட்டுங்கள். அதன் துணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது நிறுத்திய இடத்தில் நீங்கள் நிறுத்தாதீர்கள். உங்கள் ஊரில் ஓர் ஆலை எழும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இசைவளித்த கையெழுத்து யாருடையது? நஞ்சுக்கு வகுத்த அளவு எவர் ஆய்வால் வந்தது. அந்த ஆய்வு தமிழில் மக்கள் முன் வைக்கப்பட்டதா? தொழிலாளியின் உடலைச் சோதித்த மருத்துவக் குறிப்பு யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்பதற்கு 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, கிராம சபை இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது. கட்சி அட்டை சட்டைப்பையில் இருப்பது கேள்வியை விழுங்குவதற்கு உரிமம் அன்று. உள்ளிருந்தே கேட்பதற்கு உரிமை.

மலையிலே மண் இன்னும் நினைவு வைத்திருக்கிறது. இருபது வயதில் ஆலைக்குள் நுழைந்தவர்கள் இன்று முதுமையின் வாயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடிய நன்றி, இன்னொரு கைதட்டல் அன்று. மாசு எவருடையது என்று ஒரு பாட்டு கேட்டுவிட்டது. மாசுக்கு வழிவிட்ட ஆட்சி எவருடையது என்று கேட்கவேண்டிய பாட்டு இன்னும் எழுதப்படவில்லை. அதனைத் தமிழில் எழுதுங்கள். தொழிலாளி தன் வாயால் பாடும்படி எழுதுங்கள். ஆள்வோர் எக்கொடியின் கீழ் அமர்ந்திருப்பினும், அவர் செவியில் விழும்படி பாடுங்கள்!